இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடுமா?

கள்ளக்குறிச்சி டவுனில் ஒரு வீடு. அப்பா அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அம்மா வீட்டிலேயே தையல் தைக்கிறார். பாட்டியை எல்லோரும் "அவ்வா" என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அது தெலுங்கு பேசுகிற வீடு. எத்தனை தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்தார்கள் என்று அவ்வாவுக்கே தெரியாது. கடைக்குப் போனால் தமிழ், கதவைச் சாத்தினால் தெலுங்கு. அவ்வளவுதான் அந்த வீட்டின் மொழிக் கொள்கை.

இளைய பையனுக்கு நாலு வயது. இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி. அவன் வயசுப் பிள்ளைகள் கதை கதையாய்ச் சொல்லும்போது இவன் இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசுவதில்லை. தெருவில் நாய் வந்தால் "குக்க வருது" என்பான். ("குக்க" என்றால் தெலுங்கில் நாய்.) அதற்கு மேல் நாய் எங்கே வந்தது, என்ன செய்தது என்று கேட்டால் கையைக் காட்டுவான், இல்லையென்றால் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக் கொள்வான்.

பெற்றோர் கூட்டத்தில் மிஸ் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வீட்ல தெலுங்கு, வெளிய தமிழ், இங்க இங்கிலீஷ். சின்னப் பிள்ளை குழம்பாம என்ன பண்ணும்? முதல்ல தெலுங்கை நிறுத்துங்க. முடிஞ்சா வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க."

அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் "கம்", "கோ", "ஈட்", "ஸ்லீப்". அன்றிலிருந்து அவர் பையனோடு அந்த நாலு வார்த்தையில் பேச ஆரம்பித்தார். அவ்வாவுக்கு அதுவும் தெரியாது. தினமும் ராத்திரி பையனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தெலுங்கில் கதை சொல்லிக் கொண்டிருந்தவர், "நான் பேசினா பிள்ளைக்குக் கெடுதலாம்" என்று வாயை மூடிக் கொண்டார்.

ஏழெட்டு மாதம் இப்படியே போனது. பையன் கூடுதலாகப் பேசவில்லை. வீட்டில் இருந்தவர்கள்தான் குறைவாகப் பேசினார்கள்.

மிஸ் சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல. இதையே பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், சொந்தக்காரர்கள் சொல்வார்கள், சில சமயம் டாக்டர்களும் சொல்வதுண்டு. ஆனால் இது உண்மையா?

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

இதற்கு நூறு வருடக் கதை இருக்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் என்கிற பகுதியில் வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் உண்டு. அங்கே டி.ஜே. சேயர் என்பவர் 7 முதல் 14 வயது வரையிலான சுமார் 1,400 குழந்தைகளைச் சோதித்து 1923-இல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு மொழி பேசும் குழந்தைகள் புத்திக்கூர்மைத் தேர்வில் பின்தங்கி இருக்கிறார்கள், இரண்டு மொழி மனக்குழப்பத்தைத் தருகிறது என்பது அவர் முடிவு. ஆனால் அந்த வித்தியாசம் கிராமப்புறக் குழந்தைகளிடம்தான் தெரிந்தது. நகரத்துக் குழந்தைகளிடம் அது இல்லை. அதாவது அவர் கிராமத்துக்கும் நகரத்துக்கும், வசதிக்கும் வசதியின்மைக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிட்டு அதற்கு "மொழி" என்று பெயர் வைத்துவிட்டார். லாபம் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் கணக்குப்பிள்ளை மேல் பழி போடுகிற மாதிரி.

1962-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்ற இருவர் இதையே ஒழுங்காகச் செய்தார்கள். பத்து வயதுக் குழந்தைகள், ஒரே மாதிரி குடும்ப வசதி. ஒரு பக்கம் பிரெஞ்சு மட்டும், இன்னொரு பக்கம் பிரெஞ்சும் ஆங்கிலமும். முடிவு தலைகீழாக வந்தது. இரண்டு மொழிப் பிள்ளைகள்தான் பெரும்பாலான தேர்வுகளில் முந்தினார்கள்.

"அதெல்லாம் கனடா, நம்மூருக்கு ஒத்து வருமா?" என்று கேட்கலாம். நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

கந்தமால் காட்டுப் பிள்ளைகள்

ஒடிசாவில் கந்தமால் பகுதியில் (பழைய பெயர் புல்பானி) கோந்த் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் மொழி குயி. திராவிட மொழி, அதாவது தமிழுக்கும் தெலுங்குக்கும் சொந்தக்கார மொழி. சில ஊர்களில் கோந்த் மக்கள் குயியை விட்டுவிட்டு ஒடியா மட்டும் பேசுகிறார்கள். வேறு சில ஊர்களில் குயி, ஒடியா இரண்டையும் பேசுகிறார்கள். மற்றபடி அதே மக்கள், அதே வறுமை, அதே பண்பாடு.

உளவியல் பேராசிரியர் அஜித் மொகந்தி இதைக் கவனித்தார். வேல்ஸில் நடந்த தப்பு இங்கே நடக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட எல்லாமே சமம், மொழி மட்டும்தான் வேறு. பல வருடம் தொடர்ந்து ஆய்வு செய்து 1994-இல் புத்தகமாகவும் எழுதினார். இரண்டு மொழி பேசும் கோந்த் குழந்தைகள் மொழியைப் பற்றியே யோசிக்கும் திறனில் முன்னால் இருந்தார்கள்.

அது என்ன திறன்? உதாரணத்துக்கு, ஒரு குழந்தையிடம் "இனிமேல் நாய்க்கு பசு என்று பெயர் வைக்கலாம். அப்போ அது பால் கொடுக்குமா?" என்று கேளுங்கள். சின்னக் குழந்தைகள் பலர் "கொடுக்கும்" என்பார்கள். பெயர் வேறு, பொருள் வேறு என்று பிரித்துப் பார்க்க ஒரு முதிர்ச்சி வேண்டும். "நாய்" என்றும் "குக்க" என்றும் ஒரே பிராணியைக் கூப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு அது சீக்கிரம் புரிவதில் ஆச்சரியம் இல்லை.

அப்படியென்றால் இரண்டு மொழி பேசினால் மூளை கூர்மையா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். கனடாவில் எலன் பியாலிஸ்டாக் என்ற ஆய்வாளர் சின்னக் குழந்தைகளுக்குச் சீட்டுகள் கொடுத்து முதலில் நிறப்படி அடுக்கச் சொன்னார், பிறகு திடீரென்று வடிவப்படி அடுக்கச் சொன்னார். பழைய விதியை விட்டுப் புது விதிக்கு மாறுவதில் இருமொழிக் குழந்தைகள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள் (1999). ஒரு மொழியை அடக்கி இன்னொன்றை எடுக்கிற பழக்கம் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறனை வளர்க்கிறது என்பது விளக்கம். பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன.

ஆனால் பிற்பாடு வேறு செய்திகள் வந்தன. இருமொழிக்குச் சாதகமான முடிவு வந்தால் ஆய்வு எளிதில் அச்சேறுகிறது, வராவிட்டால் பெட்டிக்குள் தூங்குகிறது என்று 2015-இல் ஆஞ்சலா டி புருயின் குழுவினர் காட்டினார்கள். 2019-இல் அமெரிக்காவில் 9, 10 வயதுக் குழந்தைகள் சுமார் 4,500 பேரின் தகவலை அலசியபோது அந்தத் திறனில் இருமொழிக் குழந்தைகளுக்கு மேன்மை எதுவும் தெரியவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேன்மை உண்டா இல்லையா என்பதில்தான் சண்டை. கெடுதல் என்று இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் யாரும் வாதாடுவதில்லை. கள்ளக்குறிச்சி அம்மாவுக்கு அது போதும். அவர் பையனை மேதையாக்கக் கேட்கவில்லை, அவன் பேச வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

இரண்டு பாஸ்புக்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒருவருக்கு இந்தியன் வங்கியில் ஒரு கணக்கு, ஸ்டேட் வங்கியில் ஒரு கணக்கு. ஒரு பாஸ்புக்கை மட்டும் பார்த்துவிட்டு "இவர் ஏழை" என்று சொல்ல முடியுமா? இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு மொழியில் வளரும் குழந்தையின் சொற்களும் அப்படித்தான். சமையலறைச் சொல் தெலுங்கில் இருக்கும், தெருவில் விளையாடும் சொல் தமிழில் இருக்கும், கலர் பெயரெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். பள்ளியில் பார்ப்பதெல்லாம் அந்த மூன்றாவது பாஸ்புக் மட்டும், அதுவும் போன ஜூனில் திறந்த கணக்கு.

கலந்து பேசுவதும் குழப்பம் இல்லை. "குக்க வருது" என்பதைத் திரும்பப் பாருங்கள். பெயர்ச்சொல் தெலுங்கு. வினைச்சொல் தமிழ், நாய்க்கு ஏற்ற "வருது" என்ற முடிவோடு ஒழுங்காக வந்திருக்கிறது. "பஸ் லேட், அதான் கிளாஸுக்கு வரல" என்று கல்லூரியில் சொல்லும்போது யாரும் குழம்பிப் போய்ச் சொல்வதில்லை அல்லவா? அதே வித்தைதான்.

அப்போது பையனுக்கு ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. இங்கேதான் இரண்டாவது தப்பு நடக்கும்.

மொழி கெடுதல் இல்லை என்று தெரிந்தவர்கள் சில சமயம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "ரெண்டு மொழி கேட்கிற பிள்ளை, கொஞ்சம் லேட்டாகத்தான் பேசும், தானா சரியாயிடும்." "எங்க மாமாவே அஞ்சு வயசுலதான் பேசினார்." இப்படிச் சொல்லிச் சொல்லியே வருடங்கள் போய்விடும். இரண்டு மொழியில் வளரும் குழந்தையும் முதல் சொல்லை, இரண்டு சொல் சேர்ந்த பேச்சை, மற்றக் குழந்தைகள் பேசுகிற அதே கால எல்லைக்குள்தான் பேசத் தொடங்குகிறது. ஒன்றரை வயதுக்குள் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, இருந்த பேச்சும் குறைகிறது என்றால் எத்தனை மொழி வீடாக இருந்தாலும் காட்ட வேண்டும். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். கேட்காத பிள்ளையைப் பேசச் சொல்வது பெரிய கொடுமை.

காது நன்றாக இருந்து, புத்தியும் நன்றாக இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லாமலே சில குழந்தைகளுக்கு மொழி மட்டும் ஏறுவது கஷ்டமாக இருக்கும். இதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கொண்டிருந்தார்கள். 2016-17இல் டோரதி பிஷப் முதலிய வல்லுநர்கள் கூடி "வளர்ச்சி சார்ந்த மொழிக் குறைபாடு" என்ற பொருளில் ஒரே பெயருக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் எடுத்த கணக்குப்படி நூற்றுக்கு ஏழு குழந்தைகளுக்கு மேல் இது உண்டு. முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். ஆனாலும் ஆட்டிசம் தெரிந்த அளவுக்குக் கூட இது யாருக்கும் தெரியாது. "சோம்பேறி", "கூச்சம்", "மக்கு" என்ற பெயர்களில்தான் இவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு முக்கியமான வழி உண்டு. உண்மையான குறைபாடு என்றால் அது குழந்தை பேசும் எல்லா மொழியிலும் தெரியும். ஒரு மொழியில் கடகடவென்று பேசி இன்னொன்றில் திணறினால் அந்த இன்னொன்று இன்னும் பழகவில்லை என்றுதான் அர்த்தம்.

குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஒரு மொழியைக் குறைத்தால் பாரம் குறையுமா? கனடாவில் ஜொஹான் பாரடிஸ் குழுவினர் 2003-இல் இதைப் பார்த்தார்கள். குறைபாடு உள்ள இருமொழிக் குழந்தைகளையும், அதே குறைபாடு உள்ள ஒருமொழிக் குழந்தைகளையும் ஒப்பிட்டால், இருமொழிக் குழந்தைகள் கூடுதலாகத் திணறவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் 2005-இல் செய்த ஆய்விலும் இதே கதைதான். அதாவது தெலுங்கை நிறுத்தி ஒரு பைசா மிச்சம் இல்லை.

மலையில் ஒரு பெண்

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி, அதே மாவட்டத்தில்.

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலைதான் அங்கே பெரிய ஊர். மலையில் வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்ற அர்த்தம். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்ததாக அவர்களே கதை சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மலையாளிகள் சுமார் 3.58 லட்சம் பேர், மாநிலத்தின் பழங்குடி மக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது என்பதைச் சொன்னால், ரோடும் பள்ளியும் எவ்வளவு தாமதமாக மேலே ஏறின என்று புரியும்.

அவர்கள் பேசுவது தமிழ்தான். ஆனால் மெட்டு வேறு, சில சொற்கள் வேறு. பாடப்புத்தகத் தமிழோ கீழ்நாட்டுப் பிள்ளைக்கே அந்நியம். வீட்டில் "வந்துச்சு", புத்தகத்தில் "வந்தது". 1959-இலேயே சார்லஸ் பெர்கூசன் என்ற மொழியியலாளர் ஒரே மொழிக்குள் இப்படி இரண்டு அடுக்கு இருப்பதைப் பற்றி எழுதினார், தமிழ் அதற்கு அப்படியே பொருந்துகிறது என்று அவரே அதில் சொல்லியிருந்தார். மலைப் பிள்ளைக்கு இந்த இரண்டு அடுக்குக்கு மேல் இன்னொரு படி.

உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஒரு பெண் குழந்தை. வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிந்து நிற்பாள். கீழேயிருந்து வந்த ஆசிரியர் "கொஞ்சம் மந்தம்" என்று முடிவு கட்டிவிட்டார். ராத்திரி விடுதியில் விளக்கு அணைந்த பிறகு, இவள்தான் தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டில் கரடியைப் பார்த்த கதையைச் சொல்லிக் கொண்டிருப்பாள். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் ஒழுங்காக இருக்கும். விடுதியில் சமைக்கிற அம்மாவும் மலைக்காரர்தான், அவர் வாசல்படியில் நின்று கேட்டிருக்கிறார். "அதுவா மந்தம்? அது வாய அடைக்க முடியாது சார்" என்று அவர் சொல்லித்தான் ஆசிரியருக்கே விஷயம் தெரிந்தது.

அவளுக்குக் குறைபாடு இல்லை. பகலில் அவள் மொழியில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒடிசா அரசு 2007-இல் பத்து பழங்குடி மொழிகளில் ஆரம்பக் கல்வியைத் தொடங்கியது இந்தக் காரணத்துக்காகத்தான். கல்வராயனுக்குத் தனிப் புத்தகம் கூட வேண்டாம். முதல் இரண்டு வருடம் அந்தப் பிள்ளை தன் பேச்சிலேயே பதில் சொல்லட்டும் என்று விட்டாலே போதும்.

டவுன் பையனுக்குக் குறைபாடு இருந்தது, அதற்கு மொழி என்று பெயர் வைத்தார்கள். மலைப் பெண்ணுக்கு வேறு பேச்சு இருந்தது, அதற்குக் குறைபாடு என்று பெயர் வைத்தார்கள். இரண்டு இடத்திலும் குழந்தையிடம் அதன் வீட்டு மொழியில் பேசிப் பார்க்க ஒருவரும் இல்லை.

சேலம் பஸ்

கதையின் மீதி இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கும் சித்தி ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், "காது டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். எடுத்தார்கள், காது நன்றாக இருந்தது. பிறகு சேலத்தில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் போனார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல இவன்கூட அதிகம் பேசுறது யாரு?"

அடுத்த முறை அவ்வாவும் பஸ் ஏறினார். எழுபது வயதில், கொட்டும் வெயிலில், போக இரண்டு மணி நேரத்துக்கும் மேல். "உங்ககூட தெலுங்குல எப்படிப் பேசுவான்?" என்று கேட்டதும் அவ்வா கண்ணைத் துடைத்துக் கொண்டு சொன்னார். "இவங்க அண்ணன் இந்த வயசுல நான் சொன்ன கதையை எனக்கே திருப்பிச் சொல்லுவான். இவன் தெலுங்குலயும் ரெண்டு வார்த்தைதான் சாமி."

இத்தனை நாள் யாரும் கேட்காத சாட்சி. தெலுங்கிலும் திணறல், தமிழிலும் திணறல் என்றால் பிரச்சனை உண்மையானது. தெரபிஸ்ட் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பயிற்சி தொடர்ந்து வேண்டும். இரண்டு, தெலுங்கை நிறுத்தக் கூடாது. "நாலு வார்த்தை இங்கிலீஷைவிட அவ்வா சொல்ற நாப்பது வாக்கியம் பிள்ளைக்கு நல்லது."

பையன் மறுநாளே பேசிவிடவில்லை. இப்போது இரண்டாம் வகுப்பு. வாக்கியம் வருகிறது, நீளமான வாக்கியத்தில் இன்னும் தடுக்குகிறான், படிப்பதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை சேலம் போகும்போதும் அப்பாவுக்கு ஒருநாள் சம்பளம் போகிறது, பஸ் செலவு தனி. அந்த ஏழெட்டு மாதத்தை எந்தக் கணக்கிலும் திருப்பி எழுத முடியாது.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013-இல் தொடங்கிய குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பார்க்க வேண்டும், பார்க்க வேண்டியவற்றில் பேச்சுத் தாமதமும் உண்டு. மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருக்கிறது. 1995 சட்டத்தில் 7 வகை ஊனங்கள்தான், 2016 சட்டத்தில் 21 வகை, அதில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடும் சேர்ந்தது. ஆனால் சட்டம் வரையறையில் உதாரணம் காட்டுவது குரல்வளையை எடுத்தவர்களையும், மூளை பாதிப்பால் பேச்சு இழந்தவர்களையும்தான். காரணமே கண்ணுக்குத் தெரியாத இந்தக் குழந்தைகள் அந்த வரிக்குள் எளிதில் பொருந்துவதில்லை. தனியார் எல்.கே.ஜி. பிள்ளைகளோ அங்கன்வாடிக்கு வருவதே இல்லை.

மையங்கள் வரட்டும், ஸ்பீச் தெரபிஸ்டுகள் பெருகட்டும். அதற்கு முன்னால் செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேசாத பிள்ளை இருந்தால் "எந்த மொழியை நிறுத்தலாம்" என்று கேட்காதீர்கள். "காது பார்த்தாச்சா? வீட்டு மொழியில் எப்படிப் பேசுகிறான்?" என்று கேளுங்கள். பதிலைப் பாட்டியிடம் கேளுங்கள்.

அந்த வீட்டில் இப்போது ராத்திரிக் கதை மறுபடி தொடங்கிவிட்டது. "இக்கட ரா நாயனா" என்று அவ்வா கூப்பிட, பையன் தலையணையைத் தூக்கிக் கொண்டு ஓடுகிறான். பாதிக் கதையில் அவ்வா வேண்டுமென்றே நிறுத்துவார். மீதியை அவன் சொல்ல வேண்டும், தெரபிஸ்ட் கொடுத்த வீட்டுப்பாடம் அது. தெலுங்கும் தமிழும் கலந்து, திக்கித் திணறி, நரியைக் கிணற்றுக்குள் தள்ளும் வரை எப்படியோ கொண்டு வந்துவிடுகிறான். சில நாள் நரிக்குப் பதில் குக்க விழுந்துவிடுகிறது. அவ்வா திருத்துவதில்லை.